லைன் வீட்டுப் பிள்ளை எழுதிய பதில்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பொழுதோட ஆறரை மணி இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் டியூசனுக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தி, மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் நோட்டை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். "ஏங் கண்ணு, நோட்டு எங்க?" என்று கேட்டதும் மெதுவாக எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். வாங்கிப் பார்த்தேன். பத்து வார்த்தை, பத்துக்கும் தமிழில் பொருள் எழுத வேண்டும். ஒன்பது சரி. ஏழாவது வார்த்தை லைன். அதற்கு நேரே குண்டு குண்டாக "வீடு" என்று எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் "கோடு" என்று திருத்தி, பத்து முறை எழுதி வரச் சொல்லியிருந்தது.

"நாம லைன்லதானுங்க அக்கா இருக்கறோம்? அதான் எழுதுனனுங்க. தப்புங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த இடத்தில் டீச்சர் எதிர்பார்த்தது கோடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் எழுதியதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே மாதிரி ஒரு லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். "கோடு" என்று பத்து முறை எழுதி முடித்து அவள் கிளம்பிப் போன பிறகும் அந்தச் சிவப்புக் குறி மனசை விட்டுப் போகவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் சேர்த்து வைத்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி தோன்றியது.

திருப்பூரில் லைன் வீடு என்றால் விளக்கம் தேவையில்லை. வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நீளமான கட்டடம், அதில் எட்டோ பத்தோ பன்னிரண்டோ வீடு. ஒவ்வொன்றும் ஒரு அறை, அதை ஒட்டி ஆள் ஒருவர் நின்று சமைக்கிற அளவுக்குச் சமையல்கட்டு. மேலே சிமெண்ட் அட்டை. ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் எங்கள் வீட்டுச் சாமி படம் அதிரும். கோடியில் எல்லோருக்குமாக இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணித் தொட்டி, துணி துவைக்க ஒரு கல். நாங்கள் 15 வேலம்பாளையம் என்கிற பகுதியில் இருந்தபோது எங்கள் லைனில் மதுரை, தேனி, புதுக்கோட்டை, தாராபுரம் என்று ஊருக்கொரு குடும்பம் இருந்தது. பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் முதலில் தேடுவது லைன் வீடுதான். "எந்த லைனு?" என்பதுதான் முகவரி. "பால்காரர் லைன்ல மூணாவது வீடு" என்றால் தபால்காரரும் வந்துவிடுவார், ஒறம்பரை என்கிற சொந்தபந்தமும் வந்துவிடும். நோம்பிக்குச் சுண்டல் செய்தால் பத்து வீட்டுக்கும் கிண்ணம் போகும்.

இந்தப் பெயர் நாம் வைத்ததில்லை. பிரிட்டிஷ் காலத்தில் சிப்பாய்கள் குடியிருந்த வரிசைக் கட்டடங்களை ஆங்கிலத்தில் லைன்ஸ் என்றார்கள். போலீஸ்காரர்கள் குடியிருப்புக்குப் போலீஸ் லைன் என்று பெயர் வந்தது அப்படித்தான். மலைமேல் தேயிலைத் தோட்டம் போட்டபோது தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளுக்கும் அதே பெயர். ஆனைமலை மேலே வால்பாறை எஸ்டேட்டுகளிலும் லைன் வீடு என்பார்கள். கடல் தாண்டி இலங்கை மலையகத்துக்குப் போன நம் ஜனங்கள் அந்தச் சொல்லை லயம் என்று ஆக்கிக்கொண்டார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு லயத்துக் காம்பரா என்று பெயர். லயம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்குச் சங்கீதம் ஞாபகம் வரும். அவர்களுக்கு ஒழுகுகிற தகரமும் ஒற்றை அறையும் ஞாபகம் வரும். ஆகவே லைனுக்கு "வீடு" என்று எழுதிய குழந்தை, லட்சக்கணக்கான தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்ந்த பொருளைத்தான் எழுதியிருக்கிறாள்.

அவளுடைய ஒரு நாளைக்குள் இந்த வார்த்தை எத்தனை வேஷம் போடுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் "நல்ல தண்ணி லைன்ல இன்னிக்குத் தண்ணி வருமா?" என்பது முதல் கவலை. உப்புத் தண்ணிக்குப் போர் இருக்கிறது. குடிக்கிற தண்ணி குழாயில் என்றைக்கு வரும் என்று காத்திருக்க வேண்டும். தண்ணி வந்தால் குடத்தோடு லைனில் நிற்க வேண்டும். ரேசன் கடையிலும் அதே லைன். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு லைன். எழுதுவது நாலு லைன் நோட்டு. கரண்ட் போனால் "லைன் போயிருச்சு", வந்தால் லைனே கூத்தாடும்: "லைன் வந்துருச்சு!" இதில் கூத்தாடுகிற லைன் ஜனங்கள், வந்த லைன் மின்சாரம். கம்பத்தில் ஏறிச் சரி செய்தவர் லைன்மேன். ஊரில் இருக்கிற ஆத்தாவிடம் பேசும்போது "லைன் கட்டாயிருச்சு ஆத்தா, திருப்பிக் கூப்படறேன்" என்கிறாள். கொரோனாவில் பள்ளிக்கூடமே ஆன்லைனில்தான் நடந்தது.

பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. கடைக்குச் சரக்குப் போடுகிறவர் "இன்னிக்குப் பல்லடம் லைனுங்க, நாளைக்கு அவிநாசி லைன்" என்பார். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டில் "அவரு லைனுக்குப் போயிருக்காரு" என்றால் ஆள் திரும்பி வரப் பத்து நாளோ இருபது நாளோ ஆகும். சங்ககிரியில் இருந்த எங்கள் மாமா வடக்கு லைன் ஓட்டினார். வரும்போதெல்லாம் அத்தை வாசலுக்குச் சாணி தெளித்து வைத்திருப்பாள். வீடு வீடாகப் போய்ப் பணம் கொடுத்து வாரா வாரம் வசூல் செய்கிற தொழிலுக்கும் லைன் என்றுதான் பெயர். திங்கட்கிழமை சாயங்காலம் லைன்காரர் வருகிற நேரத்தில் எங்கள் லைனில் நாலு வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். எங்கள் வீட்டுக் கதவும் சாத்தியிருந்த வாரங்கள் உண்டு. அம்மா உள்ளே மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க, "அம்மா கம்பெனில இருந்து வரலீங்க" என்று வாசலில் நின்று சொன்னது நான்தான். அந்த வார்த்தையின் அந்தப் பொருளை எந்த அகராதியும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கம்பெனிக்குள் போனால் லைன் இன்னும் பெருகும். தையல் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது லைன். ஒருவர் தோள் மூட்டுவார், அடுத்தவர் கழுத்து, அடுத்தவர் கை. பீஸ் கை மாறி மாறிக் கடைசியில் சட்டையாக விழும். நடுவில் ஒரு டெய்லர் லீவு போட்டால் "லைன் நின்னுபோச்சு". லைன் சூப்பர்வைசர் குரல் அப்போதுதான் உயரும்.

எங்கள் அம்மா செக்கிங்கில் இருந்தாள். அங்கே லைன் என்றால் துணியின் நோய். வட்டமாகச் சுற்றுகிற நிட்டிங் மெஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்றின் கொக்கி தேய்ந்தாலோ வளைந்தாலோ போதும், துணி நெடுக மெல்லிய கீறல் மாதிரி ஒன்று விழுந்துகொண்டே வரும். அதற்குப் பெயர் ஊசி லைன். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. அம்மா துணியை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கி, இரண்டு கட்டை விரலாலும் பக்கவாட்டில் லேசாக இழுப்பாள். அப்போது தெரியும், ஏணிப்படி மாதிரி ஒரு வரிசைக் கண்ணி மட்டும் மற்றதைவிடச் சற்று அகன்று, மேலிருந்து கீழ் வரை. "இங்க பாரு, லைன் ஓடுது" என்பாள். அவள் சொன்ன பிறகு அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதுவரை அது இல்லவே இல்லை. துணியைப் பார்க்கக் கற்றது அவளிடம்தான். வார்த்தையையும் அப்படி வெளிச்சத்துக்கு நேரே தூக்கி இழுத்துப் பார்க்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது.

அதைப் புரியவைத்தது ஒரு பட்டன். 2006-ல் நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். காலர் வைத்த டி-ஷர்ட் ஆர்டர். பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், அனுப்பிய தாளில் பட்டன் 18 எல் என்று இருந்தது. எல் என்ற எழுத்தை நான் விட்டுவிட்டேன். 18 மில்லிமீட்டர் என்று டைப் அடித்துச் சப்ளையருக்கு அனுப்பினேன். வந்த பட்டன் கோட்டுக்குப் போடுகிற பட்டன் மாதிரி இருந்தது. போட்டு வைத்திருந்த காஜாவுக்குள் நுழையவே இல்லை. மூட்டையைத் திருப்பி அனுப்பி, புது பட்டன் வர நாலு நாள். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். தப்பு என்னுடையது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. எல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. கேட்டால், "லைன்மா, பதினெட்டு லைன்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு இஞ்ச்சை நாற்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பட்டன் லைன். அதாவது 0.635 மில்லிமீட்டர். 18 லைன் என்றால் பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் வரவழைத்தது கிட்டத்தட்ட 28 லைன் பட்டன். ஆங்கில அளவில் லைன் என்று வேறொன்றும் இருந்தது. அது இஞ்ச்சில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பிரெஞ்சுக்காரர்களிடமும் அதே பெயரில் ஒரு பழைய அளவு உண்டு, கடிகார வேலையில் இன்றும் புழங்குகிறது. நாட்டுக்கு நாடு, தொழிலுக்குத் தொழில் கணக்கு மாறினாலும் பெயர் மட்டும் லைன்.

திட்டு வாங்கிய அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது அப்பா என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அப்பா தச்சு வேலை செய்கிறவர். கேட்டுவிட்டு, "இதுல என்ன சாமி இருக்குது? நமக்கு நூல் இருக்கற மாதிரி அவனுக்கு லைன்" என்றார்.

எனக்கு அப்படியே நின்றுபோய்விட்டது. தச்சு வேலையில் ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல். அரை இஞ்ச் என்றால் நாலு நூல், கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். "ரெண்டடி மூணு இஞ்சு ரெண்டு நூல்" என்று அப்பா சொல்லச் சொல்ல நான் அட்டையில் பென்சிலால் எழுதியே வளர்ந்தேன். அளவுக்கு ஏன் நூல் என்று பெயர் வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் அளவுக்கு ஏன் லைன் என்று பெயர் வந்தது என்றும் கேட்டதில்லை. இரண்டு கேள்வியும் அன்றைக்கு ஒன்றாக வந்தன. கம்பெனியில் இருந்த தடித்த ஆங்கில அகராதியை மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் புரட்டினேன்.

பக்கக்கணக்கில் பொருள் போட்டிருந்தார்கள். கோடு, கயிறு, வரிசை, எழுத்து வரி, வழித்தடம், வம்சம், எல்லை, முகச் சுருக்கம், தொழில், தூண்டில் நரம்பு. நம்பர் போட்டு நம்பர் போட்டுப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அடைப்புக்குள் சின்ன எழுத்தில் வேர். லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. அந்தச் செடியின் நாரில் திரித்த நூல் லீனேயா. அதுதான் லைன். லினன் துணியும் அதே செடி, அதே வேர்.

அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. லைனுக்கு முதல் பொருள் நூல். நூலை நம்பிப் பிழைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கும் கரண்டுக்கும் கடனுக்கும் துணியின் கீறலுக்கும் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை, தொடக்கத்தில் ஒரு இழை நூலாக இருந்திருக்கிறது.

ஆளி விதையை இப்போது கொழுப்புக் குறையும் என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பொடித்துச் சாப்பிடுகிறோம். அதன் தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாரைப் பிரித்து, அதில்தான் லினன் நூல் எடுக்கிறார்கள். எகிப்தில் பிணங்களைப் பாடம் செய்து சுற்றியது அந்தத் துணியால்தான். அந்த விதையில் ஆட்டிய எண்ணெய்க்கு லின்சீட் ஆயில் என்று பெயர். அப்பா கதவு செய்து முடித்ததும் பழைய பனியன் துணியில் நனைத்து மரத்தில் தேய்ப்பாரே, அதே எண்ணெய். அந்த வாசனையில் வளர்ந்தவள் நான். அந்த லின்தான் லைன் என்று தெரிய எனக்கு இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நூல் எப்படிக் கோடாகும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், அப்பா கையில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பலகையை அறுக்கும் முன் நூல் அடிப்பார். மரக்கட்டையில் சுற்றிய பருத்தி நூலை நீலப்பொடி கரைத்த தண்ணீரில் தோய்த்து எடுப்பார். பலகையின் ஒரு முனையில் நூல் நுனியை நான் கட்டை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறுமுனையில் அவர் குறி பார்த்து இழுத்துப் பிடிப்பார். "இறுக்கிப் புடி சாமி, தொய்வு உடாதெ." நூல் பலகைக்கு ஒரு மயிரிழை மேலே அதிர்ந்துகொண்டு நிற்கும். அவர் எட்டி நடுவில் இரண்டு விரலால் நூலைக் கிள்ளி நேர் மேலே தூக்குவார், சாய்க்காமல். விட்டதும் "டப்" என்று ஒரு சத்தம். நூலை எடுத்தால் பலகையில் நீலக் கோடு, முனைக்கு முனை, ஒரு வளைவு இல்லாமல். என் விரல் நுனியிலும் நீலம். பிறகு ரம்பம் அந்தக் கோட்டை ஒட்டிப் போகும். "நூல் மேல அறுக்காதெ, நூல் ஓரமா அறு" என்பது சின்ன ஆள்களுக்கு அவர் சொல்கிற முதல் பாடம். அப்போது நூல் சுருட்டி வைத்தாகிவிட்டது. பலகையில் இருப்பது நீலத் தடம். ஆனாலும் அதற்குப் பெயர் நூல்தான்.

லைன் என்ற சொல் கயிற்றில் இருந்து கோட்டுக்குப் போனதும் இதே மாதிரிதான் என்று நம்புகிறேன். லத்தீனிலேயே லீனேயா என்பது நூலையும் குறித்தது, கோட்டையும் குறித்தது. இன்னொன்றும் பார்த்தேன். நேர் என்பதற்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயிட் என்கிறார்களே, அது ஸ்ட்ரெச் என்ற சொல்லில் இருந்து வந்தது. இழுத்துப் பிடித்தது என்று பொருள். நாம் "நூல் புடிச்ச மாதிரி" என்கிறோம்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் இரண்டு வார்த்தையும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் மனசில் என்ன இருக்கிறது என்று அறியப் பேச்சுக்கொடுத்துப் பார்ப்பதற்கு நூல் விட்டுப் பார்ப்பது என்று பெயர். பையன்கள் பெண்பிள்ளைகள் பின்னால் சுற்றினால் லைன் விடுகிறான் என்கிறோம். ஆங்கிலத்தில் துணி காயப்போடுகிறதும் லைன், வம்சமும் லைன். நம் ஊரில் துணி காய்வது கொடியில். வம்சம் சொல்வது கொடிவழி. தொப்புளில் இருந்தது கொடி, கழுத்தில் ஏறுவது தாலிக்கொடி. செய்யுளின் ஒரு வரிக்கு அவர்களுக்கு லைன், நமக்கு அடி. அந்த ஒரு இடத்தில் மட்டும் நாம் காலை எடுத்துக்கொண்டோம்.

எல்லா லைனும் கோட்டில் இருந்து வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தைக்கிற லைனிங் துணி இருக்கிறதே, அதில் கோட்டுக்கு வேலையே இல்லை. உடுப்புக்கு உள்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்ததால் வந்த பெயர் அது. அங்கிருந்து பிரேக்குக்கு லைனிங் வந்தது, பம்புசெட் இன்ஜினுக்கு லைனர் வந்தது. செடி ஒன்று, ஒரு கிளை நூலாகப் போய்க் கோடானது, இன்னொரு கிளை துணியாகப் போய் உறையானது. இரண்டும் கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் சந்தித்துக்கொள்கின்றன.

டெட்லைன் வேறு கதை. திருப்பூரில் ஷிப்மென்ட் நேரத்தில் இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கலாம். அது பிறந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரில். 1864-ல் ஜார்ஜியா மாகாணத்தில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க்கைதிகளைத் திறந்தவெளியில் அடைத்து வைத்திருந்தார்கள். மதிலுக்கு உள்பக்கம் கொஞ்ச தூரம் தள்ளித் தாழ்வாக ஒரு வேலி. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ காவலாளி சுடுவான். அதற்குப் பெயர் டெட்லைன். பிறகுதான் பத்திரிகைக்காரர்கள் கைக்கு வந்து நேரக் கெடு ஆனது. இதைப் படித்த பிறகு, ராத்திரி இரண்டு மணிக்குப் பேக்கிங் முடியாமல் கண் எரிய நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. "கெடு" என்று சொல்கிறேன். நம் வார்த்தைக்குள்ளும் ஒரு கேடு ஒளிந்திருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் துப்பாக்கி இல்லை.

மறுபடி நூலுக்கு வருகிறேன். புத்தகத்துக்கும் நமக்கு நூல்தான். நன்னூலைப் பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பயம் காரணமாகத் தள்ளி வைத்திருந்தேன். இந்த வார்த்தையைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் அதன் பாயிரத்தைத் திறந்தேன். பவணந்தி முனிவர் அங்கே இரண்டு நூலைச் சொல்கிறார். ஒன்று நூற்கிற நூல்: சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன்தான் நூற்கிற பெண், வாய்தான் கை, அறிவுதான் நூல் சுற்றுகிற கதிர். இன்றைக்கும் மில் எத்தனை கதிர் ஓடுகிறது என்றுதான் எங்கள் பக்கம் கேட்பார்கள். இன்னொன்று தச்சன் நூல்: மரத்தின் கோணலை நூல் காட்டித் தீர்ப்பது போல மனிதர் மனக்கோணலைப் புத்தகம் தீர்க்கும் என்கிறார். அம்மாவின் நூலும் அப்பாவின் நூலும் அடுத்தடுத்த பாட்டில் இருந்தன. நான் பிறப்பதற்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னால் யாரோ என் வீட்டைப் பார்த்து எழுதிவைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பாட்டில் கோணலுக்கு அவர் போட்டிருக்கும் சொல் கோட்டம். கோடுதல் என்றால் வளைதல். அதே கோடுதான் இன்றைக்கு ஸ்கேல் வைத்துப் போடுகிற நேர்கோடாகவும் இருக்கிறது. பழைய தமிழில் யானைத் தந்தம் கோடு, மரக்கிளை கோடு, மலையுச்சி கோடு. திருச்செங்கோடு என்ற பெயரில் நிற்பது அந்தக் கோடு; செம்மலைச் சிகரம். தினமும் அந்த ஊர்ப் பெயர் போட்ட பஸ்ஸும் போர் போடுகிற ரிக் வண்டியும் நம்மைத் தாண்டிப் போகின்றன. ஆக, திருத்தம் போட்டவர் எழுதிக் கொடுத்த "கோடு" கூட ஒரு பொருளோடு நிற்கிற வார்த்தை இல்லை. குழந்தையின் "வீடு"க்குப் போட்ட பெருக்கல் குறியை நியாயமாகப் பார்த்தால் அதற்கும் போட வேண்டி வரும். இரண்டுக்கும் போடாமல் இருந்திருக்கலாம். "கோடு என்றும் பொருள் உண்டு" என்று பக்கத்தில் எழுதியிருந்தால் போதும். நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டைத் தப்பான விடை என்று வாங்கிக்கொண்டு போவது எனக்கு வலிக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் வீட்டில் புத்தக அலமாரிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கை நடுக்கம் இருக்கிறது, நூல் பிடிக்கும்போது மட்டும் இருப்பதில்லை. அந்தப் பிள்ளை அவள் அம்மாவோடு வந்திருந்தாள். "வா கண்ணு, இந்த முனையப் புடி" என்றார். அவள் உட்கார்ந்து கட்டை விரலால் அழுத்தினாள். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நின்றது. "டப்" என்றதும் கையை எடுத்துவிட்டுப் பலகையையே பார்த்தாள்.

"அப்பச்சி, இந்தக் கோடு நூல்ல இருந்துதானுங்க வந்துச்சு?"

"ஆமா சாமி. நூலுதான்."

நான் அவளிடம் லைனின் கதையைச் சொன்னேன். முழுதும் இல்லை, செடி, நார், நூல், கோடு வரைக்கும். பிறகு கோட்டில் வரிசையாக வீடு கட்டினால் லைன் வீடு என்று. கேட்டுக்கொண்டே விரலில் இருந்த நீலத்தைப் பாவாடையில் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க லைன் வீட்ல இருக்கறோம்னு இங்கிலீஷ்ல எப்படீங்க அக்கா எழுதறது?" என்று கேட்டாள். சொன்னேன். நாலு லைன் நோட்டை விரித்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினாள்: "வீ ஆர் லிவிங் இன் எ லைன் ஹவுஸ்." எழுத்தெல்லாம் நடு இரண்டு லைனுக்குள் நின்றது. எல்லும் ஹெச்சும் மேல் லைனைத் தொட்டன. லிவிங்கின் கடைசி எழுத்துக்கு வால் போடும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, கீழ் லைன் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அது வரைக்கும் இழுத்தாள்.